வழிப்பலகை வைப்போம் வாருங்கள்! – தேடுபொறிக்கு ஏற்ற இணையதள வழியமைப்பு

(மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் நம் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆனால் நான் செய்த ஒரு தவறும், அதைத் திருத்திய கதையும் கையில் இருக்கிறது. நாளை வெப்சைட் செய்யப் போகும் ஜூனியர்களுக்கு அது உதவும் என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். அப்பா குட்டியானை வண்டி ஓட்டுகிறார். ஜோலார்பேட்டையிலிருந்து ஏலகிரி மலைக்கு அரிசி, காய்கறி, சிலிண்டர் என்று ஏற்றிப் போவார். மலை மேல் அத்தனாவூரில் என் பெரியம்மா ஒரு சின்ன மெஸ்ஸும், அதற்கு மாடியில் மூன்று ரூமும் லீசுக்கு எடுத்து நடத்துகிறார்.

ரூம் புக்கிங் எல்லாம் ஒரு ஆப் வழியாகத்தான் வரும். வாடகையில் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடும். "நம்ம பாப்பா கம்ப்யூட்டர் படிக்குதே, நமக்குன்னு ஒரு வெப்சைட் போட்டுக் குடுக்கட்டும்" என்று பெரியம்மா சொன்னார். சீட்டு எடுத்த பணத்தில் மூவாயிரம் ரூபாயை என் கையில் வைத்தார். அதில் டொமைன் பெயரும் ஒரு வருஷ ஹோஸ்டிங்கும் வாங்கினேன்.

பதினைந்து நாள் கண் விழித்து 9 பக்கங்கள் செய்தேன். மெனுவைத் தொட்டால் பனிமூட்டம் போல விலகித் திறக்கும். வகுப்பில் எல்லாரும் சூப்பர் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மா கேட்டார்: "இன்னா பாப்பா, படமெல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா தேடினா வர மாட்டேங்குதே? ஒரு போன் கூட வரலியே!"

கூகுளில் சோதித்தேன். 9 பக்கங்களில் முகப்புப் பக்கம் ஒன்றுதான் பதிவாகியிருந்தது. மற்ற எட்டும் கூகுளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை! சீட்டுப் பணம் என்பது எங்கள் வீட்டில் எப்படிப்பட்ட பணம் என்று உங்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தேடுபொறி எப்படிப் பார்க்கிறது?

நாம் தேடும் நேரத்தில் கூகுள் உலகம் முழுக்க ஓடிப்போய்த் தேடுவதில்லை. முன்கூட்டியே சேர்த்து வைத்த அட்டவணையில்தான் தேடுகிறது. அதைச் சேர்த்துக் கொடுப்பது கிராலர், அதாவது பக்கம் பக்கமாக ஊர்ந்து செல்லும் நிரல். இந்த வகை நிரல்கள் 1993-லேயே வந்துவிட்டன. கூகுள் நிறுவனம் பிறந்தது 1998-ல்.

கிராலரின் வேலை எளிது. ஒரு பக்கத்தைத் திறக்கும், படிக்கும், அதிலுள்ள இணைப்புகளைக் குறித்துக்கொள்ளும், பிறகு அந்த இணைப்புகளுக்குப் போகும். அங்கே மறுபடியும் இதே வேலை. ஆகவே எந்தப் பக்கத்துக்கு எங்கிருந்தும் இணைப்பு இல்லையோ, அந்தப் பக்கம் அனாதை. 'அனாதைப் பக்கம்' என்றே இத்துறையில் அதற்குப் பெயர்.

முக்கியமான விஷயம் ஒன்று. கிராலர் நம்மைப் போல மெனுவைத் தொடாது, பட்டனை அழுத்தாது, பெட்டியில் எழுதித் தேடாது. கூகுளின் கிராலர் ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்க்கும் என்பது உண்மைதான். 2019 முதல் அது புதிய குரோம் பிரௌசரின் திறனோடு இயங்குகிறது. ஆனாலும் அது பக்கத்தைப் பார்க்குமே தவிர, கிளிக் செய்யாது. எல்லாக் கிராலர்களும் கூகுளைப் போல ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதும் இல்லை.

நான் செய்த நான்கு தவறுகள்

1. என் மெனு முழுவதும் 'டிவ்' பெட்டிகள். தொட்டால் 'ஆன்கிளிக்' மூலம் அடுத்த பக்கம் திறக்கும். கூகுள் தன் வழிகாட்டியில், ஹெச்ரெஃப் உள்ள ஆங்கர் டேக்கைத்தான் நம்பகமாகப் பின்தொடர முடியும் என்கிறது. என் மெனுவில் அப்படி ஒன்று கூட இல்லை! கண்ணுக்குக் கதவு, கிராலருக்குச் சுவர்.

2. மெனுவில் எழுத்துகள் அழகாக இருக்க வேண்டும் என்று அவற்றைப் படமாகப் போட்டேன். படத்துக்கு மாற்று உரை, அதாவது 'ஆல்ட்' எழுதவில்லை. படத்தை இணைப்பாக வைத்தால் அந்த ஆல்ட் உரையைத்தான் கூகுள் இணைப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். என்னிடம் பெயரே இல்லை.

3. சுற்றுலா இடங்களுக்கு ஒரு டிராப்டவுன் பெட்டி வைத்தேன். இடத்தைத் தேர்ந்தெடுத்து 'செல்' பட்டனை அழுத்தினால்தான் பக்கம் வரும். அழுத்துவதற்குக் கிராலருக்கு ஏது விரல்?

4. எஞ்சிய ஒன்றிரண்டு இடங்களில் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று போட்டிருந்தேன். எங்கே போகிறோம் என்று அந்த வார்த்தை யாருக்கும் சொல்லாது.

எங்கள் துறை சார் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "பிரௌசரில் ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் பண்ணிட்டு உன் சைட்டைத் திறந்து பாரும்மா." திறந்தேன். ஒரு பெரிய மலைப் படம், கீழே பெரியம்மாவின் மெஸ் பெயர். வேறு எங்கும் போக முடியவில்லை. கிராலர் பார்த்ததும் ஏறக்குறைய அதைத்தான்.

அப்பா சொன்ன பாடம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வண்டியில் மலைக்குப் போனேன். பொன்னேரியிலிருந்து ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு; தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களும் உண்டு. அப்பா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். "எட்டாவது வளைவுல லாரி நின்னுபோச்சு" என்று யாராவது போனில் சொன்னால் போதும், இடம் அவருக்குத் தெரிந்துவிடும்.

என் பிரச்சினையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே கேட்டவர், "பலகை இல்லாத ரோட்டுல உள்ளூர்க்காரன் போயிடுவான் பாப்பா. புதுசா வர்றவன் எப்படிப் போவான்?" என்றார்.

நண்பர்களே, நான் இரண்டு வருடம் படித்தது அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது! நான் உள்ளூர்க்காரியாக இருந்து அந்தத் தளத்தைக் கட்டினேன். எந்தப் பெட்டியைத் தொட்டால் எது திறக்கும் என்று எனக்குத் தெரியும். கிராலரோ எப்போதும் புதிதாக வருகிறவன். அவனுக்கு வழி சொல்ல நாம் பக்கத்தில் நிற்க முடியாது. பலகைதான் நிற்க வேண்டும்.

திருத்திய வழியமைப்பு

முதலில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு தாளில் மரம் போல வரைந்தேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள்:

முகப்பு
– ரூம்களும் வாடகையும்
– மெஸ், சாப்பாட்டு விவரம்
– ஏலகிரிக்கு வரும் வழி
– ஏலகிரியில் பார்க்க வேண்டியவை
   – புங்கனூர் ஏரி, படகுத் துறை
   – சுவாமிமலை ஏற்றம்
   – நிலாவூர்
– தொடர்புக்கு

மொத்தம் 9 பக்கங்கள். முகப்பிலிருந்து எந்தப் பக்கத்துக்கும் இரண்டே கிளிக். பெரிய தளமானால் ஆழம் கூடத்தான் செய்யும். ஆனால் முக்கியமான பக்கத்தை ஏழாவது அடுக்கில் புதைக்கக் கூடாது.

பிறகு மெனுவில் ஒவ்வொன்றையும் ஹெச்ரெஃப் உள்ள உண்மையான இணைப்பாக மாற்றினேன். படத்தை எடுத்துவிட்டு எழுத்தாகவே போட்டேன். பனிமூட்டம் போல விலகும் அழகு போய்விட்டதா? இல்லை. அதை சிஎஸ்எஸ்-ஸில் செய்துகொண்டேன். அழகு வேறு, வழி வேறு. அழகு மேலே பூசுவது. வழி அடியில் இருக்க வேண்டியது.

அடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'முகப்பு › பார்க்க வேண்டியவை › புங்கனூர் ஏரி' என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் இதற்கு ரொட்டித் துணுக்கு என்று பொருள்படும் பெயர், பிரெட்கிரம்ப். ஜெர்மனி நாட்டுப்புறக் கதையில் காட்டுக்குள் போகும் பிள்ளைகள் வீடு திரும்ப வழி தெரிய ரொட்டித் துணுக்குகளைப் போட்டுக்கொண்டே போவார்கள், பறவைகள் தின்றுவிடும். நாம் போடுவதைப் பறவை தின்னாது! செல்போன் தேடல் முடிவுகளில் இந்த வரியைக் காட்டுவதை 2025 ஜனவரியில் கூகுள் நிறுத்தியது. ஆனாலும் தளத்துக்குள் அது வழி காட்டுவது நிற்கவில்லை. நேராக உள்பக்கத்தில் வந்து இறங்கியவர் தாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு எக்ஸ்எம்எல் சைட்மேப். இம்முறையை 2005-ல் கூகுள் கொண்டுவந்தது. 2006-ல் யாஹூவும் மைக்ரோசாப்டும் சேர்ந்துகொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். எனக்கு வேண்டியது 9 தான்! ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். சைட்மேப் என்பது ஊர்ப் பட்டியல் மட்டுமே. அது ரோடு ஆகாது. பக்கங்களுக்கு இடையே இணைப்பும் இருந்தாக வேண்டும்.

பெயரில் இருக்கிறது சூட்சுமம்

'வரும் வழி' பக்கத்தில் முதலில் 'பொன்னேரி வழி' என்று மட்டும் எழுதியிருந்தேன். நமக்குப் பொன்னேரி என்றால் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில், மலைப்பாதை தொடங்கும் இடம். ஆனால் சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய பொன்னேரி ஒன்று இருக்கிறதே! அதேபோல் சுவாமிமலை என்றால் நமக்கு ஏலகிரி உச்சி. தமிழ்நாட்டுக்கோ அது கும்பகோணத்துக்கு அருகில் உள்ள முருகன் தலம்.

தேடுபொறி இணைப்பில் உள்ள வார்த்தைகளை வைத்தும்தான் அடுத்த பக்கம் எதைப் பற்றியது என்று ஊகிக்கிறது. ஆகவே 'ஜோலார்பேட்டை, பொன்னேரி வழியாக ஏலகிரி' என்றும், 'ஏலகிரி சுவாமிமலை ஏற்றம்' என்றும் மாற்றினேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே பெயரில் பல ஊர்கள் வந்தால் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று தனிப் பக்கமே வைக்கிறார்கள். 2003-ல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தின் எந்தக் கட்டுரையையும் திறந்து பாருங்கள். வாக்கியத்துக்கு உள்ளேயே இணைப்புகள், அடியில் 'பகுப்பு' வரி. வழியமைப்புக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் இலவசமாகக் கிடைக்காது.

முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வைக்கலாம், கூகுளுக்குப் புரியும். ஆனால் முகவரியை வெட்டி ஒட்டும்போது தமிழ் எழுத்து சதவீதக் குறிகளாக மாறிவிடுவதுண்டு. 'ஏலகிரி' என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் 6 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து. ஆக 54 எழுத்து! விசிட்டிங் கார்டில் அச்சடிக்க வேண்டியிருந்ததால் நான் முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்து, மெனுவையும் தலைப்பையும் தமிழில் வைத்தேன்.

மலை நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது!

என் பழைய தளத்தில் சுற்றுலாப் பக்கங்களின் முகவரியில் 'வேலூர்' என்ற சொல் இருந்தது. பழைய பக்கம் எதையோ பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். வரலாற்றைப் பாருங்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்தது. நம் பகுதி பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. 2019 நவம்பர் 28-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அன்று முதல் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். மலை அதே இடத்தில்தான் நிற்கிறது!

இதிலிருந்து நான் கற்றது: மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்காதே. மாவட்டம், வருஷம், மேனேஜர் பெயர், எதுவும் வேண்டாம். வைய விரிவலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். மாற்றியே ஆக வேண்டுமானால் 301 என்னும் நிரந்தர மாற்றக் குறியீட்டைப் பழைய முகவரியில் வைக்க வேண்டும். வீடு மாறிப்போனவர் பழைய வாசலில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவது போல. நானும் பழைய முகவரிகளுக்கு அப்படியே செய்தேன்.

திருப்பத்தூர் மாவட்டத்தின் அரசுத் தளத்தைப் பார்த்தால் மெனு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அரசு இணையதளங்களுக்கு 2009 முதலே மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் உண்டு; மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. பார்வையற்றவரும் அந்தத் தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பது அவற்றின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. யோசித்துப் பாருங்கள், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குப் புரியும் இணைப்புதான் கிராலருக்கும் புரிகிறது. ஒரே உழைப்பில் இரண்டு பேருக்கு வழி!

நீங்களே செய்து பார்க்க ஐந்து சோதனைகள்

1. ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் தளத்தைத் திறங்கள். எல்லாப் பக்கத்துக்கும் போக முடிகிறதா?

2. மௌஸைத் தள்ளி வையுங்கள். டேப் விசையை மட்டும் அழுத்தி மெனு முழுவதும் போக முடிகிறதா?

3. கூகுள் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதுங்கள். பதிவான பக்கங்கள் ஏறக்குறையத் தெரியும். சரியான விவரத்துக்கு சர்ச் கன்சோலில் பாருங்கள், இலவசம்தான்.

4. செல்போனில் திறங்கள். கம்ப்யூட்டரில் உள்ள அத்தனை இணைப்புகளும் போன் மெனுவிலும் உள்ளனவா? கூகுள் இப்போது செல்போன் வடிவத்தை வைத்துத்தான் பக்கத்தைப் பதிவு செய்கிறது. அந்த மாற்றம் 2024 ஜூலையில் முழுமை அடைந்தது.

5. தளத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "ரூம் வாடகை எவ்வளவுன்னு கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் அம்மாவிடம் கொடுத்தேன். 'டாரிஃப்' என்று எழுதியிருந்ததைத் தாண்டிப் போய்விட்டார். 'ரூம் வாடகை' என்று மாற்றினேன். அம்மாவுக்குப் புரியாத சொல்லை வாடிக்கையாளர் மட்டும் தேடுவாரா?

பலன் என்ன?

ஐந்து வாரத்தில் 9 பக்கங்களும் பதிவாகிவிட்டன. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன், 'ஏலகிரி ரூம்' என்று தேடினால் எங்கள் தளம் முதலில் வராது. பெரிய புக்கிங் கம்பெனிகளோடு மூன்று ரூம் மெஸ் போட்டி போட முடியுமா? வழியமைப்பு என்பது முதலிடத்துக்குச் சீட்டு அல்ல. பந்தயத்தில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். அந்த அனுமதியையே நான் முதலில் வாங்காமல் இருந்தேன்.

ஆனால் ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் போன் செய்தது. சுவாமிமலை ஏறுவதைப் பற்றித் தேடியபோது எங்கள் உள்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து 'ரூம்களும் வாடகையும்' இணைப்பைப் பிடித்து வந்திருக்கிறார்கள். இரண்டு ரூம், இரண்டு நாள், கமிஷன் இல்லை. பெரியம்மா அப்பாவின் வண்டியில் எனக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினார். கூடவே சொல்லி அனுப்பிய செய்தி: "பாப்பா போட்ட ரோடு சரியா கீதுன்னு சொல்லு."

முடிவுரை

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். இந்தப் பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் நாள், ஆபீஸ் எங்கே, லேப் எங்கே, உதவித்தொகை ஃபாரம் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் வராண்டாவில் நின்றது நினைவிருக்கிறதா? தெரிந்தவர்களுக்கு எல்லாம் எளிதாக இருந்தது. நமக்கு ஒரு பலகை இருந்திருந்தால் போதும், யாரையும் கேட்டுக் கூசியிருக்க வேண்டாம்.

நாளை நாம் கட்டும் எந்தத் தளத்திலும் அன்று நின்ற அந்தப் பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு வழி தெரிந்தால் தேடுபொறிக்கும் தெரியும்.